மவுஸை விட்டுடுங்கோ

ஒன்பது எண்களையும் சொன்னேன்
மும்மூன்றாகப் பிரித்து,
மீன்காரரிடம் பேரம் பேசுகிற சத்தத்தில்.
மனாமாவிலிருந்து உவைஸ்
திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தான்.
"அனுமதி கேக்கும், ஆமான்னு குடுங்கோ.
குடுத்தாச்சா?
இனி மவுஸை விட்டுடுங்கோ அக்கா."

விட்டேன்.
அம்பு தானாக நகர்ந்தது.

ஃபஹாஹீலில் இரவு பதினொன்று.
மூன்று நாளாகப் புழுதிக் காற்று.
ஜன்னல் இடுக்கில் திணித்த ஈரத்துண்டு
செங்கல் நிறமாகிவிட்டது.
ஆல்வினுக்கு ரிஃபைனரியில் நைட் ஷிஃப்ட்.
திரையில் சிரித்துக்கொண்டிருந்த மகன்
உவைஸ் உள்ளே வந்ததும் மறைந்து
எல்லாம் கறுப்பு.
"வேகத்துக்காக அப்படி. நான் போனதும் படம் வந்துரும்."

விருந்தாளி நம் சமையலறையில்
தானே பாத்திரம் தேய்க்கத் தொடங்கினால்
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாதே,
அப்படி உட்கார்ந்திருந்தேன்.

கணினி எழும்போதே கூட எழும்புகிறவை
முப்பத்தொன்று.
"இத்தனை பேரும் ஒரே நேரம் எழும்பினா
பாத்ரூம் ஒண்ணுதானே அக்கா."
பிரிண்டர் செத்து நாலு வருஷமாகியும்
அதற்காகக் காத்திருந்த ஒன்று.
ஒருவரையொருவர் சந்தேகித்தபடி
மூன்று வைரஸ் காவலர்கள்.
இதை எங்களுக்கு விற்றுப் போன கொச்சிக்காரருக்கு
இன்னும் மழை சொல்லிக்கொண்டிருந்த
வானிலைப் பெட்டி.

தற்காலிகக் கோப்புகள், பதினெட்டு ஜிபி.
தற்காலிகம்னா ஒன்பது வருஷமா என்றேன்.
"நீங்கோ எத்தனை வருஷத்துக்குன்னு வந்தீங்கோ?"
"ரெண்டு."
சிரித்தான்.
அவன் ஒரு வருஷத்துக்கென்று வந்தவனாம்.

பிறகு,
இரட்டைக் கோப்புகளைத் தேடும் கருவி ஓடி முடிந்தபோது
அம்பு நின்றது.

ராஜினாமா
ராஜினாமா_புதுசு
ராஜினாமா_கடைசி
ராஜினாமா_கடைசி_2
ராஜினாமா_நோன்புக்கு_அப்புறம்

மொத்தம் பத்தொன்பது.
போனில் அவன் அறையின் ஏசி மட்டும் கேட்டது.

"எல்லாம் ஒண்ணுதானா அக்கா?
புதுசை வச்சுக்கிட்டு மிச்சத்தை எடுத்துறவா?"
ஒன்றுதான் என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஒன்றில் மேலாளரின் பெயருக்கு முன்
மதிப்பிற்குரிய இருக்கும்.
ஒன்றில் இருக்காது.
ஒன்றில் காரணம் குடும்பச் சூழ்நிலை.
ஒன்றில் காரணம் உண்மை.

"இருக்கட்டும்."
"ஆமா, எடையே இல்ல. இதால எல்லாம் ஸ்லோ ஆகாது,"
என்றான், கொஞ்சம் அவசரமாக.
பள்ளிவாசல் படியில் கிடக்கும் அடுத்தவர் செருப்பை
மிதிக்காமல் ஒதுக்குவதுபோல
அம்பு அந்தப் பட்டியலைத்
திரையின் ஓரத்துக்குத் தள்ளிவைத்தது.

"ஃபேன் இரைச்சல் கேக்குதா?"
"பறக்கப் போற மாதிரி."
"மணல். அதை இங்கேருந்து எடுக்க முடியாது.
சுவிட்ச்சை அணைச்சு, மூடியைக் கழத்தி,
ஒரு பெயின்ட் ப்ரஷால...
அதை நீங்கதான் செய்யணும்."
மூன்று தினார் என்றான்.
அனுப்பினேன். போய்விட்டான்.

அணைத்து, மறுபடி ஏற்றினேன்.
முன்பெல்லாம் இந்த இடைவெளியில்
தேநீர் கொதித்துவிடும்.
டிபன் பாக்ஸ் கழுவியாகிவிடும்.
வாடகை, பள்ளிக்கட்டணம், இகாமா புதுப்பிப்பு,
ஆல்வின் வாங்கிய கடன்
எல்லாவற்றையும் ஒருமுறை கூட்டிக் கழித்து
அடுத்த மாசம் பார்த்துக்கலாம் என்று முடித்த பிறகுதான்
அந்த வட்டம் சுற்றுவதை நிறுத்தும்.

இன்று பதினாலு நொடி.
அடுப்பருகில்கூடப் போகவில்லை.
மகன் மஞ்சள் சட்டையில் திரும்பி வந்துவிட்டான்.
அவன் தோளுக்குப் பக்கத்தில் அந்த ஃபோல்டர்,
தொட்டால் உடனே திறக்கும்.

மவுஸின் மேல் கை வைக்கிறேன்.
நான் அசைக்காமல் அம்பு அசைவதில்லை.

முதலில் மணலை எடுக்கலாம்.
வீட்டில் பெயின்ட் ப்ரஷ் இல்லை.
பன்னுக்கு முட்டை தடவுகிற ப்ரஷ் ஒன்று இருக்கிறது.
சோப்புப் போட்டுக் கழுவி
ஏசிக் காற்றில் காயவைத்திருக்கிறேன்.